ஒரு செய்திக்கு ஓர் இடம்

உங்கள் பள்ளி ஆய்வகத்தில், யார் எந்தக் கருவியை எடுத்தார் என்று குறிக்கும் பதிவேடு இருக்கும். எங்கள் கல்லூரியிலும் ஒன்று இருந்தது. நாள், மாணவர் பெயர், வகுப்பு, கருவி, அதன் அலமாரி எண் எல்லாம் ஒரே வரியில்!

ஒருமுறை நகரும் நுண்ணோக்கியை 3ஆம் அலமாரியிலிருந்து 5ஆம் அலமாரிக்கு மாற்றினோம். அதைக் குறித்த வரிகளோ ஏராளம். சிலவற்றைத் திருத்த மறந்தோம். எது சரி என்று பதிவேடே சொல்ல முடியவில்லை. மின்னழுத்தமானியின் கதை இன்னும் மோசம். அதை எடுத்தவர் ஒரே மாணவர். அவர் படிப்பை முடித்ததும் அவருடைய வரியை அடித்தோம். கருவி இருந்த இடமும் அதோடு மறைந்தது! இரண்டு நாள் தேடினோம்.

கணினியிலும் இதே தொல்லைதான். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் இதற்கு வழி சொன்னார். அதன்படி பதிவேட்டை மூன்று அட்டவணைகளாகப் பிரிப்போம். முதலாவதில் மாணவர் எண், பெயர், வகுப்பு. இரண்டாவதில் கருவி எண், பெயர், அலமாரி. மூன்றாவதில் நாள், மாணவர் எண், கருவி எண் மட்டும். இதற்கு இயல்பாக்கம் என்று பெயர். இனி அலமாரி மாறினால் ஒரே கட்டத்தைத் திருத்தினால் போதும். எவரும் எடுக்காத புதுக் கருவிக்கும் இடமுண்டு.

"எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவே?" என்பீர்கள். வரட்டும், அட்டவணைகளைப் பிணைக்கும் கயிறு அவைதாம்.

ஆனால் கடைக் கணக்கில், விலையைப் பொருள் அட்டவணையில் மட்டும் எழுதிவிடாதீர்கள். நாளை விலை ஏறினால், நேற்று நீங்கள் கொடுத்த தொகையும் ஏறிவிடும்! விற்ற அன்றைய விலை வேறொரு செய்தி. அது ரசீதிலேயே இருக்கட்டும்.