பூட்டும்போது எந்த கிரீஸ்?

ஹைதராபாத்தின் மௌலா அலிப் பக்கம் கிரீஸுக்குப் பஞ்சமே கிடையாது. டீசல் லோகோ ஷெட் இங்கேயே இருக்கிறது. நாச்சாரம் தொழிற்பேட்டை கூப்பிடு தூரம். எந்த ஆட்டோ உதிரிபாகக் கடையில் நின்று ‘ஏபி 3’ என்று கேட்டாலும் டப்பா கைக்கு வந்துவிடும். இருந்தும், சைக்கிளை வீட்டிலேயே பிரித்துப் பூட்டத் தொடங்கும் நண்பர்கள் முதலில் தேடுவது, சைக்கிளுக்கென்றே வரும் வெளிநாட்டு டியூப்பை. என் அனுபவத்தில் பெரும்பாலான இடங்களுக்கு அது தேவையில்லை. நல்ல லித்தியம் கிரீஸ் ஒரு டப்பா இருந்தால் பல வருஷத்துக்குக் காணும்.

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சோப்பு. எந்த உலோகத்தின் சோப்பு என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது. சோடியம் சோப்பு சூட்டைத் தாங்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சாதாரண கால்சியம் சோப்பு தண்ணீருக்கு அசையாது, 100 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும். 1940களில் வந்த லித்தியம் சோப்பு இரண்டையும் தாங்கியதால் உலகம் முழுக்கப் பரவியது. நம் ரயில் பெட்டிகளின் அச்சு பேரிங்குகளில் ஓடுவதும் லித்தியம் கிரீஸ்தான். சைக்கிள் ஹப் சூடாகிற பொருளே இல்லை; மே மாத வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் கிரீஸ் உருகுகிற சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஆகவே டப்பாவில் போட்டிருக்கும் பெரிய டிகிரி எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு வேண்டியது தண்ணீரைத் தடுக்கிற குணம்.

டப்பாவில் 2 அல்லது 3 என்று ஒரு எண் இருக்கும். அது கெட்டித்தன்மை. 25 டிகிரியில் ஒரு கூம்பைக் கிரீஸில் இறக்கிப் பார்ப்பார்கள். 2 என்றால் அது 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கும், 3 என்றால் 22 முதல் 25 வரை. ஹப், பெடல் பேரிங்குக்கு 2 கொஞ்சம் இலகுவாகச் சுற்றும். ஹைதராபாத் வெயிலுக்கு 3-உம் குறையில்லை. இதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் நம்ம ஊர்ப்பக்கம். நான் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, சுத்துற இடத்துக்கு மட்டும்தான் கிரீஸ்னு நினைக்காதீங்க. அசையாத இடத்துலதான் அதுக்கு வேலை அதிகம்” என்றார். பாகங்களைப் பூட்டும்போது நான் வைத்துக்கொள்ளும் விதி இதுதான்.

சீட் போஸ்ட்டைப் பாருங்கள். ஃப்ரேம் இரும்பு, போஸ்ட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே மழைத் தண்ணீரோ வியர்வையோ இறங்கினால் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். அரித்து வரும் வெள்ளைப் பொடிக்கு அசல் உலோகத்தைவிடப் பருமன் அதிகம். குழாய்க்குள் அதற்கு இடம் இல்லை. எனவே அது போஸ்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ரெண்டு மூணு மழைக்காலம் தொடாமல் விட்டால் சுத்தியல், பைப் ரெஞ்சு என்று போய் ஃப்ரேமே வீணாகலாம். பூட்டுமுன் குழாயின் உள்பக்கத்தைத் துணி சுற்றிய குச்சியால் துடைக்க வேண்டும். துணியில் செம்மண்ணும் துருவும் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பிறகு விரலால் போஸ்ட்டைச் சுற்றி, உலோகத்தின் பளபளப்பு லேசாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய பூச்சு. உள்ளே இறக்கும்போது வாயில் ஒரு வளையமாகக் கிரீஸ் வழியும். அதைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பெடல் மரைக்கும் இதே நியாயம்: இரும்பு அச்சு, அலுமினிய கிராங்க். மரையில் கிரீஸ் இல்லாமல் ஏற்றிய பெடல் கழற்றும்போது கிராங்கின் மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். இடது பெடல் இடது மரை என்பதை மறக்க வேண்டாம். பாட்டம் பிராக்கெட் (பி.பி.) கப், ஹெட்செட் கப், பாட்டில் ஹோல்டர் ஸ்குரூ எல்லாவற்றுக்கும் ஒரு தடவல் போதும். ஸ்டெம் போல்டில் டார்க் அளவு அச்சிட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது; கிரீஸ் போட்ட மரை அதே திருகலுக்குக் கூடுதலாக இறுகும். டைட்டானியம் போல்டுக்கு மட்டும் ஆன்ட்டி-சீஸ் வாங்குங்கள்.

ஹப்பில் கஞ்சத்தனம் கூடாது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுவதும் கழுவி, உலர வைத்த பிறகுதான் புதியது. வேறு சோப்பில் செய்த கிரீஸோடு லித்தியம் கலந்தால் சில சமயம் இளகித் தண்ணீராகிவிடும். கப்பில் கிரீஸை நிரப்பி பால்ஸை ஒவ்வொன்றாக அழுத்தினால் அவை அப்படியே ஒட்டி நிற்கும், அச்சை நுழைக்கும்போது உதிராது. கோனை முடுக்கும்போது பிதுங்கி வரும் மெல்லிய வளையம் மழைக்காலத்தில் தண்ணீருக்கும் மணலுக்கும் தடுப்பு. வெளியே வழிந்ததை மட்டும் துடையுங்கள்.

கிரீஸ் போகக் கூடாத இடங்களைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. கார்பன் ஃப்ரேம், கார்பன் சீட் போஸ்ட்டுக்குக் கிரீஸ் ஆகாது. போஸ்ட் வழுக்கி இறங்கும், நாம் இன்னும் முடுக்குவோம், கார்பன் விரிசல் விடும். அதற்கென்று நுண்ணிய துகள் கலந்த பேஸ்ட் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டிய இடம் அது. ஃப்ரீஹப்பின் உள்ளே இருக்கும் பற்களுக்குக் கெட்டி கிரீஸ் வைத்தால் அவை ஒட்டிக்கொண்டு, பெடலை மிதிக்கும்போது வெற்றாகச் சுற்றும். அங்கே இளகிய கிரீஸோ எண்ணெயோதான். செயினில் கிரீஸ் ரோலருக்குள் போகவே போகாது, ரோட்டு மணலை மட்டும் ஒட்ட வைக்கும். பிரேக் டிஸ்க், ரிம், பேட் பக்கம் கிரீஸ் கையோடு போகவே வேண்டாம். டிஸ்க் பேட் ஊறிவிட்டால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

ஜூனில் மழை இறங்குவதற்கு முன் ஒருநாள் சீட் போஸ்ட்டையும் இரண்டு பெடல்களையும் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். போஸ்ட் கையால் அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். அன்றைக்கே விவரமான மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.