வயிற்றில் புளி கரைப்பது யார்?

பரீட்சை நாளின் காலைப் பொழுதை நினைத்துக்கொள்ளுங்கள். இட்லித் தட்டு முன்னால் இருக்கிறது; ஒரு விள்ளல்கூட உள்ளே இறங்கவில்லை. அடிவயிறு முறுக்குகிறது. மூன்றாம் முறையாகக் கழிப்பறைக்கு ஓடுகிறீர்கள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த நிலை இதுதான்.

இயற்பியல் கற்பிக்கும் நான் ஏன் வயிற்றைப் பற்றி எழுத வந்தேன்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்முறைத் தேர்வில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன், வெளியே போய்வர அனுமதி கேட்டான். அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் கேட்டான். யாரிடமோ விடை கேட்கப் போகிறான் என்று எண்ணி, "நடிக்காதே, வேலையைப் பார்" என்று அதட்டிவிட்டேன். அவன் முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. இதனை ஒரு டாக்டர் நண்பரிடம் சொன்னபோது, அவர் பழைய ஆராய்ச்சி ஒன்றைப் படிக்கச் சொன்னார். அதைச் செய்தவரும் அப்போது ஒரு மாணவரே. அவர் பயன்படுத்தியதோ எங்கள் துறை தந்த கருவி: எக்ஸ் கதிர்!

ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஆண்டு இறுதியிலேயே அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராக இருந்த வால்டர் கேனன், அதைக் கொண்டு விலங்குகளின் உணவுப் பாதையைப் பார்க்கத் தொடங்கினார். இரைப்பை மென்மையான தசை. எக்ஸ் கதிர் அதனை எளிதாக ஊடுருவிவிடும், நிழல் விழாது. எனவே உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்தார். பிஸ்மத்தின் அணு எண் 83. உடலில் மிகுந்திருக்கும் கார்பன் (6), ஆக்சிஜன் (8) ஆகியவற்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கனமான அணு கதிரை நன்றாகத் தடுக்கும். ஒளிரும் திரையில் பூனையின் இரைப்பை கறுத்த நிழலாகத் தெரிந்தது. அந்த நிழலின் ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அலைகள் நகர்ந்தன. உணவைப் பிசைந்து முன்னே தள்ளும் அலைகள் அவை.

ஆனால் சில பூனைகளில் மட்டும் அலையே தோன்றவில்லை. கேனன் கூர்ந்து கவனித்தார். அமைதியாகப் படுத்திருந்த பூனைகளில் அலை ஓடியது. கட்டுண்டு கோபத்துடன் திமிறிய பூனைகளில் இரைப்பை அசையாமல் நின்றது. தடவிக் கொடுத்துப் பூனையைச் சமாதானப்படுத்தினால், சற்று நேரத்தில் அலைகள் மீண்டும் கிளம்பின! மனத்தின் கலக்கம் வயிற்றை நிறுத்திவிடுவதை அவர் திரையில் கண்ணால் கண்டார். இதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. அந்நாளில் கதிரின் தீங்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. பிற்காலத்தில் அவரை வருத்திய தோல் நோய்க்கு அந்தக் கதிர்களே காரணம் என்று கருதப்படுகிறது.

கேனனுக்கு முன்பே ஒருவர் மனித இரைப்பைக்குள் நேராக எட்டிப் பார்த்திருந்தார். 1822-ல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளந்தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பைக்குள் திறக்கும் துளை ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. இராணுவ மருத்துவர் வில்லியம் பூமான்ட் அதன் வழியே உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி இறக்கிச் சோதித்தார். செயின்ட் மார்ட்டின் கோபப்படும் நேரங்களில் செரித்தல் குலைவதையும் குறித்து வைத்தார். அவர் ஏன் கோபப்பட்டார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பிழைப்புக்கு வழியில்லாமல், பல ஆண்டுகள் தன் வயிற்றையே சோதனைச்சாலையாகக் கொடுக்க நேர்ந்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இனி, பரீட்சை நாளுக்கு வருவோம். அச்சம் தோன்றியதும் மூளையின் கட்டளை பரிவு நரம்புகள் வழியே பாய்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது. குடலுக்குப் போய்க்கொண்டிருந்த இரத்தத்தில் ஒரு பகுதி கை கால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. வினாத்தாளிடமிருந்து ஓடவும் முடியாது, அதனை அடிக்கவும் முடியாது என்பது உடலுக்குத் தெரியாது! இரைப்பை தன் வேலையை மெதுவாக்குகிறது. ஆகவே இட்லி இறங்க மறுக்கிறது. பெருங்குடலோ இதற்கு நேர்மாறாக விரைந்து இயங்குகிறது. ஆகவே கழிப்பறைக்கு ஓட்டம். மேலே பிரேக், கீழே ஆக்ஸிலேட்டர்! என் மாணவன் நடிக்கவில்லை என்பது இப்போது தெரிகிறதல்லவா?

மூளை சொல்வதைக் கேட்டு ஆடும் பொம்மைதான் குடல் என்று இதனால் எண்ணிவிட வேண்டாம். 1899-ல் இங்கிலாந்தில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளையெல்லாம் துண்டித்துவிட்டு, குடலின் உள்ளே சிறிது அழுத்தம் கொடுத்தார்கள். அழுத்திய இடத்திற்கு மேலே குடல் சுருங்கியது, கீழே தளர்ந்தது. உணவை ஒரே திசையில் தள்ள இதுபோதும். மூளையின் உதவி இல்லாமலே குடல் இதைச் செய்தது. உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரையில் சுவருக்குள்ளேயே வலைபோல் பின்னிக் கிடக்கும் நரம்புச் செல்களே இதற்குக் காரணம். அவை 10 கோடிக்கும் மேற்பட்டவை. சிலர் இதனை 'இரண்டாம் மூளை' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் முழு உடன்பாடில்லை. மூளையில் உள்ள நரம்புச் செல்கள் ஏறத்தாழ 8,600 கோடி. குடலில் 50 கோடி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் விகிதம் என்னவென்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மேலும், குடல் கணக்குப் போடுவதில்லை, கவலைப்படுவதுமில்லை.

ஆனால் அது ஓயாமல் செய்தி அனுப்புகிறது. மூளைத் தண்டிலிருந்து மார்பு வழியாக வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை கட்டளையிடும் கம்பிகள்தாம் இதில் மிகுதி என்று நினைப்போம். உண்மை நேர்மாறானது! அதன் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. கட்டளைகள் குறைவு, அறிக்கைகள் அதிகம்.

இதற்கு உறுதியான சான்று மருத்துவமனையில் இருக்கிறது. புற்றுநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் கடுமையான வாந்தியை உண்டாக்கும். அவற்றால் தாக்குண்ட சிறுகுடல் சுவரின் சில செல்கள் செரடோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது அருகிலுள்ள வேகஸ் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது, செய்தி மூளைத் தண்டுக்கு ஏறுகிறது, குமட்டல் பிறக்கிறது. ஆன்டான்செட்ரான் என்ற மருந்து செரடோனின் வந்து பொருந்தும் இடங்களை அடைத்துவிட, வாந்தி பெரிதும் அடங்குகிறது.

உடலின் செரடோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் உணவுப் பாதையில்தான் உண்டாகிறது. மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள பொருளும் இதுவே. "ஆகவே மகிழ்ச்சி வயிற்றில் பிறக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். குடலில் உண்டான செரடோனின், மூளைக்கும் இரத்தத்திற்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டிச் செல்வதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. குடலின் செரடோனின் நரம்பு முனையைத் தட்டிச் செய்தி சொல்லலாம். மகிழ்ச்சியைச் சுமந்துகொண்டு தலைக்கு ஏறாது.

குடலில் வாழும் பாக்டீரியாக்களின் கதையும் இப்படித்தான். நம் உடலின் செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் நம்முள் இருப்பதாக நீங்கள் படித்திருக்கலாம். 1970களில் யாரோ தோராயமாகப் போட்ட கணக்கு அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நூலுக்கு நூல் பெயர்த்து எழுதப்பட்டது. 2016-ல் இஸ்ரேல் நாட்டின் வைஸ்மான் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் மறுபடி கணக்கிட்டார்கள். 70 கிலோ எடையுள்ள மனிதனிடம் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. அவனுடைய சொந்தச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. ஏறக்குறைய சமம்! அத்தனை பாக்டீரியாக்களின் மொத்த எடை 200 கிராம் அளவே.

அந்த 200 கிராம் செய்யும் வேலை சிறிதன்று. கீரை, பயறு, கேழ்வரகு, வாழைத்தண்டு ஆகியவற்றின் நார்ச்சத்தில் பெரும்பகுதியை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்து சிறிய கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்ரிக் அமிலமே பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். நார்ச்சத்து இல்லாமல் உண்பவர் அந்தச் சுவரைப் பட்டினி போடுகிறார் எனலாம்.

பாக்டீரியாக்கள் மூளை வரைக்கும் எட்டுமா? 2004-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தார் பிறந்தது முதல் எந்தக் கிருமியும் அண்டாமல் வளர்த்த எலிகளைச் சிறிது நேரம் அசையவிடாமல் அடைத்து வைத்தார்கள். சாதாரண எலிகளைவிட இவற்றில் கலக்கத்தின்போது சுரக்கும் ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்தன. ஒருவகை நன்மை தரும் பாக்டீரியாவை முன்கூட்டியே குடலில் குடியேற்றியபோது இந்த மிகை மறைந்தது. அருமையான சோதனை. ஆனால் எலி எலிதான்! இந்தப் பாக்டீரியாவை விழுங்கினால் கவலை தீரும், நினைவாற்றல் பெருகும் என்று மனிதருக்கு விற்கப்படும் மாத்திரைகளுக்கு இந்தச் சோதனை சான்றாகாது. வீட்டுத் தயிர் நல்ல உணவு, அதனால் உண்ணுங்கள். கணிதத்தில் மதிப்பெண் கூடும் என்பதற்காக வேண்டாம்.

எல்லா வயிற்று வலியையும் மனத்தின் தலையில் கட்டுவதும் தவறு. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் அதன் பின்னால் ஒரு பாக்டீரியா இருக்கிறது என்றபோது நம்பியவர் சிலரே. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. "கவலைப்படாதே" என்ற அறிவுரையோடு அனுப்பப்பட்ட எத்தனையோ நோயாளிகளுக்குத் தேவைப்பட்டது கிருமிக்கொல்லி மருந்து. ஆகவே பரீட்சை முடிந்த பிறகும் வலி தொடர்ந்தால், இரவில் தூக்கத்தைக் கலைத்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், எடை குறைந்துகொண்டே வந்தால் வீட்டில் சொல்லி டாக்டரிடம் போகவேண்டும். வெறும் பயம் என்று யார் சொன்னாலும் சரியே.

பரீட்சைக் காலை வலிக்கோ வழி எளியது. அஞ்சிய மூளை குடலைக் கலக்குகிறது; கலங்கிய குடல் தன் நிலையை மூளைக்குச் சொல்கிறது; அதை உணர்ந்து நாம் மேலும் அஞ்சுகிறோம். ஒலிபெருக்கியின் முன் மைக்கை வைத்தால் கீச்சென்று ஊளையிடுமே, அதுபோன்ற சுற்று இது. எங்காவது ஓரிடத்தில் அதனை அறுத்தால் போதும். மெதுவாக, மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீண்ட நேரம் வெளியே விட்டுச் சில நிமிடம் உட்காருங்கள். இதயத் துடிப்பு தணியும். காலை உணவைச் சற்று முன்னதாக, எளிதாகச் செரிக்கும்படி, கொஞ்சமாக உண்ணுங்கள். "எனக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று எண்ணாமல், "அட்ரினலின் வேலை செய்கிறது" என்று எண்ணிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்: ஒரு சிறு பிளாஸ்டிக் புனலின் காம்பில் அரை மீட்டர் ரப்பர் குழாயைப் பொருத்துங்கள். புனலின் வாயை உங்கள் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வலப்பக்கம் அழுத்தி, குழாயின் மறுமுனையைக் காதருகே பிடியுங்கள். கடமுட ஒலிகள் கேட்கும். குடலில் நீர்மமும் வாயுவும் நகரும் ஒலி அது. நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். 5 முதல் 30 வரை எது வந்தாலும் இயல்பே. ஒரு நிமிட எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஐந்து நிமிடம் எண்ணிச் சராசரி எடுங்கள். சாப்பிடுமுன், சாப்பிட்ட பின், விடுமுறை நாளில், மாதத் தேர்வு நாளில் என்று அட்டவணை போடுங்கள். நான் போட்ட அட்டவணையில் சாப்பாட்டு நேரம் தெளிவாகத் தெரிந்தது. கல்லூரி ஆய்வுக்குழு வந்த நாள் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.