கேளிக்கை நகருக்கு ஒரு செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பது பொருள். செல்லுதல் என்னும் வினையினின்று பிறந்த அச்சொல், இக்காலத்தில் பொருள் கைவிட்டுப் போதலையே பெரிதும் குறிக்கின்றது. குடும்பத்தோடு கடல் கடந்து கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்வோர் இவ்விரு பொருளையும் ஒருங்கே உணர்வர். ஈராண்டு மூவாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். அதற்கு ஈடாகக் கிடைப்பது குழந்தைகளின் மகிழ்ச்சியே. அம்மகிழ்ச்சியும் தானாக வந்து எய்துவதன்று. முன்கூட்டி எண்ணி, நாளும் பொழுதும் வகுத்துக் கொண்டவர்க்கே அது பெரும்பாலும் வாய்க்கின்றது. இங்கிலாந்து நாட்டுக் குடும்பங்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு மேற்கொள்ளும் பயணம் இதற்கு நல்ல சான்று.

புளோரிடாவின் நடுப்பகுதியில் ஆர்லாண்டோ என்னும் நகர் உள்ளது. 1960ஆம் ஆண்டளவில் அந்நகரின் தென்மேற்கே சதுப்பு நிலமும், காடும், மேய்ச்சல் நிலமும், ஆரஞ்சுத் தோட்டங்களுமே கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடந்தன. அந்நிலத்தைத் தேடி வந்தவர் வால்ட் டிஸ்னி. சித்திரப் படங்களால் உலகப் புகழ் பெற்ற அவர், 1955இல் கலிபோர்னியா மாநிலத்து அனாஹைம் என்னும் ஊரில் டிஸ்னிலாந்து என்னும் பூங்காவை அமைத்திருந்தார். அதற்கென அவர் வாங்கிய நிலம் 160 ஏக்கர். பூங்கா புகழடைந்ததும், அதன் மதிலை ஒட்டிப் பிறர் விடுதிகளையும் கடைகளையும் நெருக்கமாகக் கட்டிவிட்டனர். உள்ளே எழிலும், வெளியே இரைச்சலும் என்னும் நிலை வால்ட் டிஸ்னிக்குப் பொறுக்கவில்லை. ஆதலின் இரண்டாம் முறை அவர் முன்னெச்சரிக்கையோடு செயற்பட்டார். வெவ்வேறு பெயர் கொண்ட கம்பெனிகளின் வாயிலாகப் புளோரிடாவில் மறைவாக நிலம் வாங்கினார். வாங்குபவர் யாரென 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஊரார் அறிந்தபோது, ஏறத்தாழ 27,000 ஏக்கர், அஃதாவது நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு, அவர் கைக்கு வந்துவிட்டிருந்தது.

ஆயினும் அப்பூங்காவை அவர் கண்ணாற் காணவில்லை. 1966 டிசம்பரில் அவர் மறைந்தார். ஓய்வு பெற எண்ணியிருந்த அவருடைய தமையனார் ராய் டிஸ்னி, அவ்வெண்ணத்தைத் தள்ளி வைத்துப் பணியை முடித்தார். 1971 அக்டோபர் முதல் நாள் பூங்கா திறக்கப்பட்டது. தம்பியின் முழுப் பெயரும் விளங்க வேண்டும் என விரும்பி, 'வால்ட் டிஸ்னி வேர்ல்டு' என அதற்குப் பெயரிட்டவர் அவரே. அவ்வாண்டு டிசம்பரில் அவரும் காலமானார்.

இன்று அவ்வெல்லைக்குள் மாஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு பெரும் பூங்காக்கள் உள்ளன. அவற்றுள் முதலாவதான மாஜிக் கிங்டத்தின் அமைப்பு வியக்கத்தக்கது. புளோரிடாவில் சிறிது தோண்டினாலும் நீர் ஊறிவிடும். பூமிக்கு அடியில் சுரங்கப்பாதை அமைத்தல் அங்கு அரிது. ஆகவே பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டினர். அருகில் ஏரி ஒன்றை வெட்டி, அம்மண்ணைக் கொணர்ந்து பாதைகளின் மேல் நிரப்பினர். அதன்மேல் பூங்காவை எழுப்பினர். பணியாளர்கள் கீழ்த்தளத்தில் நடமாடுகின்றனர். குப்பையும் அங்குள்ள குழாய்களின் வழியே காற்றால் உறிஞ்சப்பட்டுச் செல்கின்றது. தெருவில் நடப்பதாக எண்ணி மகிழும் மக்கள், உண்மையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடந்து கொண்டிருக்கின்றனர்!

இத்துணைப் பெரிய இடத்திற்குப் பயணம் வகுப்போர் முதலிற் கேட்கும் கேள்வி, 'எப்போது செல்வது?' என்பதே. எங்குத் தங்குவது, எவ்வளவு பணம் கொண்டு செல்வது என்பன எல்லாம் அதன் பின்னரே. இலண்டனிலிருந்து ஆர்லாண்டோவுக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும். குழந்தைகளோடு அவ்வளவு தொலைவு செல்பவர் இரண்டு நாளில் திரும்ப இயலாது. பத்து நாளேனும் வேண்டும். பத்து நாள் வேண்டுமெனில் பள்ளி விடுமுறை வேண்டும். இங்கிலாந்தில் கோடை விடுமுறை சூலைத் திங்கள் இறுதியில் தொடங்கி ஆகஸ்டு முழுதும் நீளும். எல்லாப் பள்ளிகளும் ஒரே காலத்தில் மூடுவதால், எல்லாக் குடும்பங்களும் ஒரே காலத்தில் புறப்படுகின்றன. விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அக்காலத்தில் மேலேறி நிற்கும். பள்ளி நடக்கும் வாரத்தில் அதே விமானத்தில், அதே இருக்கையில், குறைந்த விலைக்குச் செல்லலாம். இங்கேதான் பெற்றோர் மனத்தில் ஆசை எழுகின்றது: 'ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் என்ன?'

இவ்வினா இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 ஏப்ரலில் வைட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தை, தம் ஆறு வயது மகளைப் புளோரிடாவுக்கு அழைத்துச் செல்லப் பள்ளியில் இசைவு கேட்டார். தலைமையாசிரியர் இசையவில்லை. தந்தை அழைத்துச் சென்றார். சிறுமி ஏழு பள்ளி நாள்களை இழந்தாள். அவருக்கு 60 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் கட்ட மறுக்கவே, அது 120 பவுனாகியது. அதனையும் மறுத்து அவர் நீதிமன்றம் ஏறினார். பிள்ளை பள்ளிக்கு 'ஒழுங்காக' வருதல் வேண்டும் என்பது சட்டம். தம் மகள் ஆண்டின் நாள்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பள்ளிக்கு வந்தவள். இதனினும் ஒழுங்கு எது என்பது அவர் வழக்கு. கீழ் நீதிமன்றம் அதனை ஏற்றது; 2016இல் உயர் நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் 2017 ஏப்ரல் 6ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரும் ஒருமனமாக வேறு தீர்ப்பு அளித்தனர். ஒழுங்காக வருதல் என்பது பெற்றோர் வேண்டியபோது வருதலன்று. பள்ளி வகுத்த விதியின்படி வருதலே ஆகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரு பிள்ளை இடையே நின்றுவிடின், விட்ட பாடத்தை மீண்டும் நடத்தும் சுமை ஆசிரியரைச் சாரும். உடன் பயிலும் பிள்ளைகளின் கல்வியும் அதனால் தடைப்படும் என்பதையும் அவர்கள் எடுத்துக் காட்டினர்.

தந்தையின் வாதத்தில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட இயலாது. விடுமுறைக் காலத்து விலையைச் செல்வர் எளிதிற் கொடுப்பர். சிறு வருவாய் உடையோர்க்கு அது மலைபோல் நிற்கும். தம் குழந்தைக்கு ஒரு முறையேனும் அவ்விடத்தைக் காட்ட வேண்டும் என அவர்கள் விரும்புவது குற்றமா? எனினும் முப்பது பேர் பயிலும் வகுப்பில் ஒவ்வொரு வாரமும் ஒருவர் இருவர் என இல்லாது போயின், ஆசிரியர் எப்பாடத்தை எங்கிருந்து தொடங்குவார்? விலையை ஏற்றி இறக்குவோர் விமானக் கம்பெனியார்; அவ்விலையின் தொல்லையைத் தாங்குவது பள்ளியா என்பதும் கேட்கத்தக்கதே. 2024 ஆகஸ்டு முதல் இத்தண்டம் பெற்றோருள் ஒவ்வொருவருக்கும், பிள்ளை ஒவ்வொருவருக்கும், 80 பவுனாக உயர்த்தப்பட்டுள்ளது. இருபத்தொரு நாளுக்குள் கட்டாவிடில் அஃது இரட்டிக்கும். இரு பெற்றோரும் இரு பிள்ளைகளும் உள்ள வீட்டில் அது 320 பவுன் ஆகிறது. விடுமுறை விலைக்கும் மற்றைக் கால விலைக்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் இதனினும் மிகுதி. ஆதலின் தண்டத்தையும் பயணச் செலவில் ஒரு வரியாக எழுதிக் கொண்டு புறப்படுவோர் உளர். சட்டம் இவ்விடத்தில் வலுவிழந்து நிற்பது வெளிப்படை.

விடுமுறையிலேயே செல்வது என முடிவு செய்த குடும்பத்தை ஆங்கு எதிர்கொள்வது வெயில். சூலை, ஆகஸ்டுத் திங்களில் ஆர்லாண்டோவின் நண்பகல் வெப்பம் 33 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். தென்னாட்டு மக்களுக்கு அது பெரிதன்று. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கோ அது தாங்கொணாத வெப்பம். காற்றிலும் ஈரம் மிகுதி. பிற்பகலில் பெரும்பாலான நாள்களில் இடியும் மழையும் உண்டு. மின்னல் அருகே தோன்றின் வெளியில் ஓடும் ஊர்திகள் நிறுத்தப்படும். அட்லாண்டிக் கடலின் பெரும்புயற் காலமும் சூன் முதல் நவம்பர் வரை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆகவே அறிந்தோர் காலையிற் சென்று, நண்பகலில் விடுதிக்குத் திரும்பி உறங்கி, மாலையில் மீண்டும் செல்வர். 'இத்தனை பணம் கொடுத்து வந்து உறங்குவதா?' என வெகுண்டு காலை முதல் நள்ளிரவு வரை குழந்தைகளை இழுத்தடிக்கும் தந்தையரும் உண்டு. அவர்கள் வீட்டுக் குழந்தை, இரவு வாணவேடிக்கை தொடங்கும்போது தோளிற் சாய்ந்து உறங்கிக் கொண்டிருக்கும்.

காலையிற் செல்வதற்கு இயற்கையே ஓர் உதவி செய்கின்றது. புளோரிடாக் கடிகாரம் பெரும்பாலும் இலண்டன் கடிகாரத்துக்கு ஐந்து மணி பிந்தியது. இலண்டனில் காலை எட்டு மணிக்கு விழிக்கும் குழந்தை, ஆர்லாண்டோவில் முதற் சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக் கொள்ளும். பெற்றோர்க்கு இது தொல்லையே. ஆயினும் பூங்கா திறக்கும் வேளையில் வாயிலில் நிற்பதற்கு அக்குழந்தையைப் போன்ற துணை வேறில்லை.

திறக்கும் வேளையில் நிற்பதால் வரும் பயன் எளிய கணக்கு. மணிக்கு 1,500 பேரை ஏற்றிச் செல்லும் ஊர்தி ஒன்று உள்ளது எனக் கொள்வோம். முன்னே 150 பேர் நின்றால் காத்திருத்தல் ஆறு நிமிடம். 1,500 பேர் நின்றால் ஒரு மணி. ஊர்தியின் வேகம் காலையிலும் நண்பகலிலும் ஒன்றே. மாறுவது வரிசையின் நீளமே. முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று ஊர்திகளில் ஏறியவர், நண்பகலில் அம்மூன்றுக்கும் மூன்று மணி நேரம் நிற்க நேரலாம். நாள் ஒன்றுக்கு இன்னின்ன பூங்கா, அதில் முதலில் இன்னின்ன ஊர்தி என எழுதி வைத்துக் கொள்வோர் இக்கணக்கை அறிந்தவரே.

வரிசையைக் குறைக்க வேறு வழியும் இன்று உண்டு. 1999இல் டிஸ்னி கம்பெனியார், குறித்த நேரத்தில் வந்து விரைந்து ஏறுதற்கு இலவசச் சீட்டு வழங்கும் முறையைக் கொணர்ந்தனர். 2021இல் அது நீங்கிக் கட்டண முறை வந்தது. நுழைவுச் சீட்டின் விலைக்கு மேலும் பணம் கொடுப்பவர் குறுகிய வரிசையிற் செல்வர். கொடாதவர் நெடிய வரிசையில் நிற்பர். செல்வர் மகனும் தொழிலாளி மகனும் ஒருவர் பின் ஒருவராக நின்ற காலம் இனிதாகவே இருந்தது. ஆயினும் நடைமுறையை அறிந்து, எந்நாளில் அக்கட்டணம் தகும், எந்நாளில் தகாது எனத் தேர்வதும் திட்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

குடும்பத்தில் வயது பலவாகும்போது திட்டம் மேலும் நுட்பமாகின்றது. முதியவர்க்கு நடையே பெரிய இடர். எப்காட் பூங்காவில் பல நாடுகளின் காட்சி மண்டபங்கள் ஓர் ஏரியைச் சுற்றி அமைந்துள்ளன. அவ்வொரு சுற்று மட்டும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். பாட்டனார் வீட்டில் கோலின்றி நடப்பவராயினும், அங்குச் சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்தல் இழுக்கன்று.

சிறுவர்க்கோ உயரமே இடர். விரைந்து ஓடும் ஊர்திகளின் வாயிலில் அளவுகோல் ஒன்று நாட்டப்பட்டிருக்கும். 'ஏழு குள்ளர் சுரங்க ரயில்' என்பதில் ஏற 38 அங்குலம் வேண்டும். 'ஸ்பேஸ் மவுண்டன்' என்னும் இருட்டு மலைக்குள் ஓடும் ஊர்திக்கு 44 அங்குலம் வேண்டும். உடலைப் பிணிக்கும் கம்பி குறைந்த உயரத்தார்க்குப் பொருந்தாது என்பதே காரணம். கெஞ்சினாலும் அழுதாலும் காவலர் விடார். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பின் அரை அங்குலம் குறைந்தமையால் திருப்பப்படும் ஐந்து வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்க்கப் பெற்றோர்க்கு மனம் வராது. ஆதலின் சீட்டு வாங்கும் முன்னரே, வீட்டுச் சுவரில் நிறுத்திக் குழந்தையை அளந்து கொள்ளுதல் நலம். அளவுக்கு எட்டாத குழந்தை இருப்பின், தாய் முதலில் மூத்த பிள்ளையோடு ஏறிவர, தந்தை இளையதோடு வெளியே இருப்பார். பின்னர் வரிசையில் மீண்டும் நெடுநேரம் நில்லாமலே தந்தை ஏறலாம். அம்முறையில் மூத்த பிள்ளைக்கு இரண்டாம் முறையும் ஏறும் பேறு கிட்டும். இளைய குழந்தைக்கு அந்நேரத்தில் பனிக்கூழ் ஒன்று வாங்கிக் கொடுப்பதற்கும் செலவுக் கணக்கில் இடம் ஒதுக்கியிருத்தல் வேண்டும்.