இரத்தப் பரிசோதனையும் மாத்திரை வேளையும்

கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைராய்டு. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயராதலின், தமிழில் அதனைக் கேடயச் சுரப்பி என்பர். அதன் சுரப்பாகிய தைராக்சினை அமெரிக்க அறிஞர் எட்வர்டு கெண்டல் 1914ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிரித்தெடுத்தார். சுரப்புக் குறைந்தோர் இன்று உண்ணும் மாத்திரை அதன் செயற்கை வடிவமே.

ஆர்.எஸ்.புரத்து ஆய்வகங்களில் காலையில் காத்திருப்போர்க்கு எழத்தக்க ஐயம் ஒன்றுண்டு: மாத்திரை உண்டு இரத்தம் கொடுப்பதா, கொடுத்தபின் உண்பதா?

மாத்திரை உண்ட 2 முதல் 4 மணி நேரத்தில் குருதியில் தைராக்சின் உச்சம் பெறும். அவ்வேளை எடுத்த இரத்தம் ‘எஃப்.டி.4’ அளவை மிகுத்துக் காட்டும். அதுகொண்டு மருந்தைக் குறைப்பின், நோயாளி மீண்டும் சோர்வுறுவார். ஆதலின் இரத்தம் கொடுத்தபின் அன்றைய மாத்திரையை உண்ணலே நன்று. அஞ்சி, பல நாள் முன்னரே நிறுத்துதல் தவறு.

‘டி.எஸ்.எச்.’ அளவோ ஒருவேளை மாத்திரையால் உடனே மாறுவதன்று. தைராக்சினில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ 7 நாளாகும். எனவேதான் மருந்தளவு மாற்றியபின் 6 வாரம் கழித்து மறுபரிசோதனை செய்கின்றனர். டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பிற்பகலில் தாழுமாதலின், ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் இரத்தம் கொடுத்தல் வேண்டும்.

வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, அரைமணி முதல் ஒருமணி கழித்தே காப்பி அருந்துக. சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி இடைவெளி வேண்டும். கூந்தலுக்கென உண்ணும் பயோட்டின் பரிசோதனையையே பிறழச் செய்யுமாதலின், இரு நாள் முன்னரே நிறுத்துக. மாத்திரை உண்ட நேரத்தை ஆய்வகத்தாரிடம் மறவாது கூறுக. வேளையறிந்து கொடுத்த குருதியே உண்மை உரைக்கும்.