ஒரு கூடைக் கொழுந்துக்கு ஒரு பால் டின்

"பத்துக் காசுக்கு வடை வாங்கினோமே!" என்று ஆரம்பித்தால் எங்கள் வயதுக்காரர்கள் லேசில் நிறுத்த மாட்டார்கள். மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கு மேலே, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்து லயத்தில் 1970-களில் வளர்ந்தவள் நான். அந்த விலைகளைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருகிறேன். உங்கள் வீட்டிலும் கேட்டு வையுங்கள்.

விலையோடு கூலியையும் சேர்த்தே கேளுங்கள். "பால் டின் என்ன விலை பெரியம்மா?" என்றால் காசு மட்டும்தான் பதிலாக வரும். "அதுக்கு எவ்வளவு கொழுந்து?" என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "ஒரு கூடை நிறைய ஆயணும்டி. மழை நாள்னா ஈரத்துக்கு எடையில வேற கழிச்சிருவாங்க" என்றார். மலிவுக் காலம் என்ற பேச்சு எனக்கு அங்கேயே அடங்கிவிட்டது.

555 புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். கடைக்காரர் கடன் எழுதிய, உள்ளங்கை அளவுக் குறிப்பேடு அது. எங்கள் அம்மாவுடையது ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அரிசி, உப்புமீன், மண்ணெண்ணெய், மறுபடியும் அரிசி. சம்பளம் போட்ட நாளில் குறுக்கே ஒரு கோடு. அதே பக்கத்தில் கோட்டுக்குக் கீழே அடுத்த கடன். தீபாவளி மாதத்தில் மட்டும் ரவையும் நெய்யும் இருந்தன. மலை ஈரம் தாளைச் சீக்கிரம் அரித்துவிடும். முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.

எடை காட்டியா, ராத்தலா, கிலோவா என்றும் கேட்க வேண்டும். ஒரு காட்டி சுமார் 600 கிராம். 1972-இல் சட்டம் வந்த பிறகுதான் மெல்ல மெல்லக் கிலோவுக்கு மாறினோம்.

வருஷம் கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. நான் 1967-ஐப் பிடித்துக்கொள்வேன். அந்த ஜூனில் புதுப் பணம் வந்தது. நவம்பரில் பவுண்டு மதிப்பு இறங்கியதும், அதோடு பிணைந்திருந்த பழைய பணமும் இறங்கியது; மாற்றாமல் வைத்திருந்த பழைய ஒரு வெள்ளி, புதுப் பணத்தில் 85 காசாகிவிட்டது. அதை எதிர்த்துப் பினாங்கில் கடையடைப்பும் கலவரமும் நடந்தன. டப்பாவில் சேர்த்து வைத்திருந்தவர்கள் அதை மறப்பார்களா? "பழைய வெள்ளி குறைஞ்சதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் பட்டென்று பதில் வரும்.

கடைக்குப் போனது யார் என்று கேட்டு, அவரிடமே பேசுங்கள். எங்கள் லயத்தில் பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைகள்தான் போவார்கள். என் அக்காவுக்கு மண்ணெண்ணெய் விலை இன்றைக்கும் மனப்பாடம். அப்பாவுக்கு அந்த விலை ஒரு நாளும் தெரிந்ததில்லை.