நண்பன் ஊரில் இறங்கும் முன்

முதுகில் மூட்டையை மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் ஊர் சுற்றும் பிள்ளைகள் இப்போது எங்கள் பக்கமும் வருகிறார்கள். மதுரை பார்த்தாயிற்று, அடுத்து குற்றாலம், கொல்லம். நடுவில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கூடப் படித்தவன் ஒருவன் இருப்பான், அவனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்குவார்கள். அப்படி வருகிறவர்களுக்கும், நாளைக்கு இதே மூட்டையோடு பாரிஸ், பெர்லின் என்று போகப்போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். மில் டைம் ஆபீஸில் ஆட்களின் வருகையைக் குறித்துக்குறித்தே தலை நரைத்தவன் நான். அதனால் பேச்சு கொஞ்சம் மணிக்கணக்கில்தான் இருக்கும்.

1. உன்னிடம் காசு இல்லை, நேரம் இருக்கிறது. உன் நண்பனிடம் நாலு காசு இருக்கும், நேரம் இருக்காது. இது புரிந்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது. ராஜபாளையம் மில் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பொழுது விடிவது ஷிப்டை வைத்துத்தான். ‘இந்த வாரம் பகலா, அரை நைட்டா, முழு நைட்டா?’ என்று கேட்டுவிட்டுத் தேதி குறி. முழு நைட் பார்த்துவிட்டு வந்தவன் காலையில் உனக்காகச் சிரித்துக்கொண்டு நிற்பான். கண்ணைப் பார், சிவந்திருக்கும். அவனைத் தூங்க விட்டுவிட்டுச் சாயங்காலம் போ. வெளிநாட்டில் இருக்கும் நம் பையன்களுக்கும் இதே கதைதான். படிப்பு ஒரு பக்கம், ஹோட்டல் கிச்சனிலோ கிடங்கிலோ வேலை ஒரு பக்கம். ‘எப்போது ஓய்வு?’ என்று கேட்டால் ‘எப்ப வேணா வா’ என்பான். விடாதே, கிழமையைச் சொல்ல வை.

2. எங்கே இறங்குகிறாய் என்பதைச் சரியாகச் சொல். சென்னையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசி தாண்டி முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொடும், அப்புறம்தான் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடலாம் என்று கிளம்பாதே. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்ட், புது பஸ் ஸ்டாண்ட் என்று இரண்டு உண்டு. ‘பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, அவன் ஒன்றிலும் நீ ஒன்றிலுமாக நிற்பீர்கள். பழையதா புதுசா, எந்தக் கடை வாசல் என்பதை போனில் சார்ஜ் இருக்கும்போதே பேசி முடி. இரண்டு ஊருக்கும் நடுவில் 12 கிலோமீட்டருக்கு மேல் போகாது, பஸ் வந்துகொண்டே இருக்கும். பெண்பிள்ளைகளுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணம் கிடையாது, வெளியூர்ப் பெண்ணானாலும் சரிதான்.

3. விடிகாலை ரயிலில் வந்து இறங்கி, அந்த நேரத்தில் கதவைத் தட்டாதே. ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, டீ குடித்து, பேப்பர் படி. ஏழு மணிக்கு மேல் போ.

4. ஒரு ராத்திரி விருந்தாளி, இரண்டாம் ராத்திரி சொந்தக்காரன், மூன்றாம் ராத்திரி பாரம். வீட்டுக்குள் நுழைந்ததும் ‘நாளைக்குச் சாயங்காலம் கிளம்புகிறேன்’ என்று அம்மா காதில் விழும்படி சொல்லிவிடு. எத்தனை வேளைக்கு உலை வைப்பது, யாரை எந்த அறைக்கு மாற்றுவது என்பதெல்லாம் அவர்களுக்கு உடனே தெரிந்தாக வேண்டும். கூட ஒரு நாள் இருக்க ஆசையா? லாட்ஜில் அறை எடு. சிக்கனம் பார்க்கிறேன் என்று அடுத்தவர் வீட்டு மெத்தையில் மிச்சம் பிடிப்பது சிக்கனத்தில் சேராது. ஐரோப்பாவில் இது இன்னும் கறார். பையன் மூன்று பேரோடு சேர்ந்து வாடகை கட்டுவான், குளியலறை ஒன்றுதான் இருக்கும், அவன் சம்மதித்தாலும் மற்ற மூன்று பேர் முகம் சுளிப்பார்கள். ஹாஸ்டலில் படுக்கை போட்டுக்கொண்டு, பகலில் அவனைப் பார். இன்னொன்று. ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் அந்த நாடுகளில் இருக்கலாம். ‘நண்பன் லீவு போடும் வரை காத்திருக்கிறேன்’ என்று நாளை ஓட்டிவிடாதே.

5. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போகிறவனை என்ன சொல்வது! பஸ் ஸ்டாண்டில் வாங்கியது என்று டப்பாவைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். வந்த வழியில் சாத்தூர் இருந்தால் சேவு, கோவில்பட்டி இருந்தால் கடலைமிட்டாய். கால் கிலோ போதும். பால்கோவாவை அந்த வீட்டுப் பிள்ளைகளோடு கடைக்குப் போய்ச் சாப்பிடு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்குதான், ஆனால் பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறு ஒன்றும் கிடையாது. மற்றதெல்லாம் அடுப்படியில் நிற்கிறவர் கைவேலை. அகன்ற இரும்புச் சட்டியில் பால் சுண்டச் சுண்ட, ஓரத்தில் ஒட்டுவதை அவர் சுரண்டி நடுவில் தள்ளிக்கொண்டே இருப்பார். கரண்டி ஒரு நிமிஷம் நின்றால் அடிப்பிடித்துவிடும். சூடாக இருக்கும்போதே இலைத்துண்டில் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்று பார். டப்பாவில் அடைத்தது அதற்கு ஒரு படி கீழேதான்.

6. பில்லை நண்பன் உன்னைக் கொடுக்க விடமாட்டான். இங்கே சண்டை போட்டுப் பயனில்லை, முந்திக்கொள்வதுதான் வழி. பஸ் ஏறியதும் டிக்கெட்டை நீ எடு, டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்குவதற்கு முன் காசை நீட்டு. பரோட்டாவை அவன் கணக்கில் விட்டுவிடு. வெளிநாட்டில் அவரவர் பங்கை அன்றைக்கே பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம், அங்கே இப்படி முந்தினால் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

7. கோயில் குளத்தை நண்பன் வேலையில் இருக்கும்போது தனியாகப் பார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரத்தையும், ஆண்டாள் கையில் இலைகளால் தினமும் புதிதாகச் செய்து வைக்கும் கிளியையும் நின்று பார்க்க வேண்டும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன் போ. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உண்டாக்கிய காந்தி கலை மன்றம் ராஜபாளையத்தில் இருக்கிறது. நண்பன் அதன் வாசல் வழியாக ஆயிரம் தடவை போயிருப்பான், உள்ளே போயிருக்க மாட்டான். சாயங்காலம் அவனுக்கு நீ சொல்லலாம்.

8. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் சமயத்தில் வராதே, லாட்ஜ் கிடைக்காது. ‘தேருக்கு வா’ என்று அவனே கூப்பிட்டால் எதையும் யோசிக்காதே, வந்துவிடு.

9. மலைக்குப் போவதானால் உள்ளூர்க்காரன் சொல்வதுதான் சட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு சாம்பல் நிற மலை அணில்களின் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகத்திலும் சேர்ந்துவிட்டது. வனத்துறை விடாத இடத்தில் நுழையக் கூடாது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று ஓடையில் இறங்காதே. மழை மேலே மலையில் பெய்யும், தண்ணீர் கீழே உன்மேல் வரும். 2015 மே மாதம் சதுரகிரி மலையில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று நண்பன் சொன்னால் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாதே.

10. வீட்டில் ராஜபாளையம் நாய் இருந்தால் முதலில் கையை நீட்டாதே. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, அழகாகத்தான் இருக்கும். 2005இல் தபால்தலையில்கூடப் போட்டார்கள். ஆனால் அது வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த ஜாதி. வீட்டுக்காரர் பெயர் சொல்லி அழைத்து உன்னை அறிமுகம் செய்யும் வரை வாசலிலேயே நில்.

11. வழியனுப்ப அவனை லீவு போட வைக்காதே. கொல்லம் பக்கம் போகிறாய் என்றால் செங்கோட்டை தாண்டிப் பகலில் போகும் ரயிலாகப் பார்த்து ஏறு. 2018இல் அகலப்பாதையாகித் திறந்த மலைப்பாதை அது. குகைகளும் பதிமூன்று கண் பாலமும் இருட்டில் தெரியாது. உட்கார இடம் கிடைத்ததும் நண்பனுக்கு ஒரு வரி அனுப்பு. அவன் அம்மா கேட்பார்கள்.