சொல் அறிவோம்: எம்பரஸ்ட்

'வெக்கமாக் கிடக்கு' என்பதை நம்மவர் பலர் ஆங்கிலத்தில் 'அஷேம்ட்' என்று சொல்லிவிடுகிறார்கள். கவனம்! நீங்கள் ஏதோ பிழை செய்துவிட்டு வெட்கப்படுகிறீர்கள் என்று கேட்பவர் விளங்கிக்கொள்ளக்கூடும். டொக்டருக்கு உடம்பைக் காட்டக் கூச்சம் என்றால் அதற்குரிய சொல் 'எம்பரஸ்ட்'. இதில் குற்றம் இல்லை, சங்கடம் மட்டும்தான்.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அப்போது 'வழியை மறித்தல்' என்ற பொருளும் இருந்தது. மனக்கூச்சம் பிறகு வந்து சேர்ந்தது. எங்கட 'சங்கடம்' மட்டும் என்ன? சமஸ்கிருதத்தில் அதற்கு 'ஒடுங்கிய, நெருக்கமான' என்று பொருள். (ஸ்பானிய மொழியில் இதன் உறவுச்சொல்லான 'எம்பாரசாதா' கர்ப்பிணியைக் குறிக்கும். ஸ்பானிய அயலவரோடு பார்த்துக் கதையுங்கோ!)

ஆனால் தடுப்பிலோ முகாமிலோ நடந்த கொடுமைகளுக்கு 'எம்பரஸ்ட்' போதாது. அது சின்னச் சொல். அகதி இன்டர்வியூவில் வாய் அடைத்தால் தமிழிலேயே, 'இதைச் சொல்ல எனக்குச் சரியான கஷ்டமாக இருக்கு' என்று சொல்லுங்கோ. மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொல்லவேண்டும். பெண்கள் பெண் அதிகாரியையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் முன்கூட்டியே கேட்கலாம். ஆண்களும் தங்களுக்கு யார் வசதி என்று கேட்கலாம். உங்கட சொலிசிட்டரிடம் இப்பவே சொல்லி வையுங்கோ.